கறுப்பு ஃபெல்ட் வளையம்

மூன்று மாதமாக என் மேசையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த டேப் ரெக்கார்டர், போன ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக ஒரு நாடாவை முழுசாக ஓட்டி முடித்தது. லெகோ என்கிற, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்தது. ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, முன்னால் ஐந்து பொத்தான்கள், அவ்வளவுதான். கடைசிச் சாண் நாடா வலது ரீலில் ஏறி, இறுகி, ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளியது. அழுத்தி வைத்திருந்த பிளே பொத்தான் 'டக்'கென்று தானாக மேலே வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியமும் இதற்குள் வருகிறது. முப்பத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வீட்டுச் சாதனங்களை லெகோவில் ஓடும்படி செய்ய ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குக் கிடையாது. என் மின்விசிறியில் மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று கையில் அகப்பட்ட நிறமெல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருப்பேன். நிஜச் சாதனத்துக்குள் எந்த வேலையை இயந்திரம் செய்கிறதோ, அதை என் மாடலிலும் அதே வழியில் இயந்திரமே செய்ய வேண்டும். கையால் தள்ளிவிட்டு ஒப்பேற்றக் கூடாது. மின்னணுச் சாதனம் என்று நாம் சொல்கிற பலவற்றிலும் பாதி உடம்பு இயந்திரம்தான். காந்தத்தையும் சிப்பையும் பிளாஸ்டிக் கட்டையால் செய்ய முடியாது. நெம்புகோல், பல்சக்கரம், பெல்ட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் செய்யலாம்.

லெகோ நிறுவனமே இந்த வழியில் சில பெட்டிகள் வெளியிட்டிருக்கிறது. 2020இல் வந்த நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டியில் 2,646 துண்டுகள். விளையாட்டுக் கருவியோடு ஒரு பழைய காலத்து டிவியும் உண்டு. டிவியின் பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் திரையில் காட்சி நகரும், மரியோ மேடு பள்ளம் பார்த்து ஏறி இறங்குவார். அடுத்த வருடம் 2,079 துண்டுகளில் தட்டச்சுப்பொறி வந்தது. அதில் எந்த எழுத்தை அழுத்தினாலும் நடுவில் உள்ள ஒரே கம்பிதான் எழும்பி அடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் மேலே உள்ள வண்டி ஒரு படி நகர்ந்துவிடும். எழுத்துகளை விட்டுவிட்டு அந்த ஒரு படி நகர்வைப் பிடித்துக்கொண்டார்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது. தட்டச்சுப்பொறியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், 2010இல், ஆண்ட்ரூ கரோல் என்ற பொறியாளர் ஆன்டிகிதெரா கருவியை லெகோவில் கட்டினார். கிரேக்கக் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த, ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழைய பல்சக்கரக் கருவி அது. அவர் கட்டிய மாடல் கிரகணம் எப்போது வரும் என்று கணக்கிட்டுச் சொன்னது. அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் கட்டிலுக்கு அடியில் கிடந்த என் டெக்னிக் பெட்டியை, அதாவது பல்சக்கரமும் அச்சும் உள்ள லெகோ பெட்டியை, மறுபடி வெளியே இழுத்தேன்.

முதலில் செய்தது மேசை மின்விசிறி. இறக்கையைச் சுற்ற வைப்பது பெரிய வேலை இல்லை. தலை இடமும் வலமும் திரும்புகிறதே, அங்கேதான் விஷயம். சாதாரண மேசை விசிறியில் அதற்கென்று தனி மோட்டார் இருக்காது. இறக்கையைச் சுற்றுகிற அதே தண்டின் பின்முனையில் திருகு போல மரை வெட்டியிருக்கும். அதைக் கடித்துக்கொண்டு ஒரு பல்சக்கரம். தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல்தான் நகரும். வேகம் இப்படிக் குறைந்து, கடைசியில் தலைக்கு அடியில் ஒரு வட்டத் தட்டு மெதுவாகச் சுற்றும். தட்டின் ஓரத்தில் ஒரு முளை, முளையில் ஒரு பட்டை, பட்டையின் மறுமுனை அசையாத காம்பில். தட்டு சுற்றும்போது பட்டை காம்பைத் தள்ளப் பார்க்கும். காம்பு நகராது. அதனால் தலை நகரும். ஓடத்தில் நிற்பவர் கழியைக் கரையில் ஊன்றித் தள்ளினால் ஓடம் விலகுவது போலத்தான்.

என் மாடலில் கைப்பிடியில் உள்ள 40 பல் சக்கரம், இறக்கைப் பக்கத்து 8 பல் சக்கரத்தைச் சுற்றும். ஐந்து மடங்கு வேகம். நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றினால் இறக்கை நிமிடத்துக்கு 300 சுற்று. அங்கிருந்து வார்ம் கியரும் (அந்தத் திருகு மரைதான்) 24 பல் சக்கரமும் வேகத்தை 24இல் ஒரு பங்காக்கும். அடுத்த 8க்கு 24 அதையும் மூன்றில் ஒரு பங்காக்கும். மொத்தம் 72இல் ஒரு பங்கு. தலை நிமிடத்துக்கு நாலு தடவைக்குச் சற்று மேல் போய்த் திரும்பும். முன்னால் உட்கார்ந்து பார்த்தால், நிஜ விசிறிக்கு இருக்கிற அந்த நிதானம் அப்படியே இருக்கிறது.

இதில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். லெகோவில் பக்கவாட்டில் புள்ளிக்குப் புள்ளி 8 மி.மீ. ஆனால் ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. 8 பல் கியரும் 24 பல் கியரும் சரியாகக் கடிக்க, அவற்றின் அச்சுகளுக்கு நடுவே 16 மி.மீ. வேண்டும். படுக்கைவாட்டில் இரண்டு புள்ளி தள்ளி வைத்தால் முடிந்தது. செங்குத்தாக வைக்கும்போது துளைக் கட்டைமேல் துளைக் கட்டை அடுக்கினால் 9.6 வரும், நடுவே இன்னொரு கட்டை வைத்தால் 19.2 வரும், 16 வரவே வராது. 3.2 மி.மீ. கனமுள்ள தட்டைத் துண்டு இரண்டை நடுவில் செருக வேண்டும். 9.6, 3.2, 3.2. கூட்டினால் 16. அன்றைக்குத்தான் கியர்களின் கடகட சத்தம் நின்றது.

விசிறியில் இன்னொன்றும் நடந்தது. நிஜ விசிறியின் தலைமேல் ஒரு குமிழ் இருக்குமே, அதைத் தூக்கினால் தலை திரும்புவது நிற்கும், இறக்கை மட்டும் சுற்றும். கியரைத் தண்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும், நகரும் கிளட்ச் வளையம் ஒன்றை வைத்து அதையும் செய்தேன். குமிழைத் தூக்கினேன். தலை நிற்பதற்குப் பதில் மெதுவாக இடது பக்கம் போய், அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. நேராக வைத்துவிட்டுச் சுற்றினால் மறுபடி இடது பக்கம். பிரித்தேன், பூட்டினேன், இரண்டு நாள் போயிற்று. காரணம் மோட்டார் இருக்கும் இடம். நிஜ விசிறியில் மோட்டார் தலைக்குள்ளேயே இருக்கிறது. என் மாடலில் சுற்றும் விசை அடியிலிருந்து, கழுத்தின் நடுவே போகும் செங்குத்துத் தண்டு வழியாக மேலே வருகிறது. அந்தத் தண்டு இறக்கையை மட்டும் சுற்றுவதில்லை, தலையையும் தன்னோடு சேர்த்துத் திருகப் பார்க்கிறது. பட்டை பூட்டியிருந்த வரை அது தலையைப் பிடித்து வைத்திருந்தது. குமிழைத் தூக்கியதும் பிடி விட்டது. கழுத்தில் உராய்வுள்ள கறுப்புப் பின்கள் நாலு வைத்த பிறகுதான் தலை நின்ற இடத்தில் நின்றது.

ஒரு துண்டு எதற்காக இருக்கிறது என்பது, அது இல்லாமல் ஒரு தடவை செய்து பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. படத்தைப் பார்த்தோ விளக்கத்தைப் படித்தோ எனக்கு இது வருவதில்லை. விசிறியில் ஆரம்பித்து ஒவ்வொரு மாடலிலும் இதேதான் நடந்திருக்கிறது.

சிடி பிளேயர் தட்டு ஒரு வார இறுதியில் முடிந்துவிட்டது. பல்வரிசைப் பட்டை, சின்னப் பல்சக்கரம், தட்டு உள்ளே வரும், வெளியே போகும். அதில் அழகு என்னவென்றால், பல சிடி பிளேயர்களில் தட்டை உள்ளே இழுத்த அதே மோட்டார், தட்டு முழுசாக உள்ளே வந்ததும், லேசர் இருக்கும் பகுதியை மேலே தூக்கும் வேலைக்கு மாறிக்கொள்ளும். ஒரு மோட்டார், இரண்டு வேலை, ஒன்றன் பின் ஒன்று. மைக்ரோவேவ் தட்டு அதை விடச் சின்ன வேலை. செய்யும்போது ஒன்று கவனித்தேன். தட்டுக்கு அடியில் மூன்று குட்டிச் சக்கரம் கொண்ட வளையம் இருக்குமே, அது தட்டின் வேகத்தில் பாதிதான் சுற்றும். வீட்டில் மைக்ரோவேவ் இருந்தால் இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

வாஷிங் மெஷின் டைமரை ரசித்துச் செய்தேன். பழைய மெஷின்களில் ஒரு பெரிய குமிழ் இருக்கும். திருப்பி வைத்தால் டிக் டிக்கென்று தானே நகர்ந்துகொண்டு போகும். அதற்குப் பின்னால் ஒரே அச்சில் வரிசையாகப் பல கேம் தட்டுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வேறு வேறு மேடு பள்ளம். மேட்டின்மேல் ஏறும் நெம்புகோல் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும், பள்ளத்தில் இறங்கும்போது நிறுத்தும். மெஷின் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அந்த மேடு பள்ளங்களில் எழுதியிருக்கிறது. என் மாடலில் மூன்று கேம் வைத்தேன். ஒன்று தண்ணீர்க் குழாயைத் திறக்கும், ஒன்று வடிகாலைத் திறக்கும், ஒன்று டிரம் சுற்றும் திசையை மாற்றும். வார்ம் கியரை இரண்டு அடுக்காக வைத்து 24ஐ 24ஆல் பெருக்கி, கைப்பிடி 576 சுற்று சுற்றினால் கேம் அச்சு ஒரு சுற்று முடியும்படி அமைத்தேன். நொடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு சலவைக்கு ஒன்பதரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

திசை மாற்றும் கேம்தான் அழ வைத்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செங்குத்தாக இறங்கும்படி அமைத்திருந்தேன். கிளட்ச் வளையம் இந்தப் பக்கக் கியரிலிருந்து அந்தப் பக்கக் கியருக்கு ஒரே தாவலில் போக வேண்டும். போனது. டிரம் இன்னும் பழைய திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பற்கள் மோதி, 'கறக்'கென்று ஒரு அச்சு முறுக்கிக்கொண்டது. லெகோ அச்சு ஒரு தடவை முறுக்கிக்கொண்டால் பழையபடி நேராகாது. அப்புறம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அகலமாக ஒரு சமதளம் விட்டேன். வளையம் நடுவில் கொஞ்ச நேரம் எதையும் பிடிக்காமல் நிற்கும், டிரம் ஓய்ந்து நிற்கும், அதற்கப்புறம் மறுபக்கம் பிடிக்கும். வாஷிங் மெஷின் திசை மாறுவதற்கு முன்னால் நாலைந்து நொடி பேசாமல் நிற்குமே, சின்ன வயதில் அது யோசிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிரம் ஓய்வதற்காகக் காத்திருக்கிறது.

சரி, டேப் ரெக்கார்டருக்கு வருகிறேன்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் கேசட் என்றால் கிட்டத்தட்ட 86 மீட்டர் நாடா. அந்த வேகம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மாறக் கூடாது. மாறினால் பாடுகிறவரின் குரல் கீச்சென்று ஏறும், அல்லது கரகரவென்று இழுக்கும். வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது ரீல் கிடையாது. கேப்ஸ்டன் என்கிற மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று சீராகச் சுற்றும், ஒரு ரப்பர் உருளை நாடாவை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே நாடா சீராக வெளியே வரும். வலது ரீலின் வேலை வந்த நாடாவை வாங்கிச் சுற்றிக்கொள்வது.

மாடலில் நாடாவுக்குப் பதில் ஒரு சென்டிமீட்டர் அகல சாட்டின் ரிப்பன், நாலு மீட்டர். லெகோ அச்சு கூட்டல் குறி வடிவத்தில் இருப்பதால் அதையே கேப்ஸ்டனாக வைத்தால் ரிப்பன் குதித்துக் குதித்து வரும். அச்சின்மேல் புஷ் என்கிற வட்டமான குட்டி வளையங்களை வரிசையாகக் கோத்து உருட்டையாக்கினேன். எதிரே ஒரு குட்டி டயர், ரப்பர் பேண்டால் இழுத்துப் பிடித்தபடி. கைப்பிடிக்கும் கேப்ஸ்டனுக்கும் 24க்கு 8. நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் ரிப்பன் நொடிக்கு 7 செ.மீ. ஓடும். நிஜத்தை விட வேகம்தான், பரவாயில்லை.

வேகம் சீராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரிப்பனின் கீழ் ஓரத்தில், டயர் படாத இடத்தில், அளந்து அளந்து நூல் முடிச்சுகள் போட்டேன். நிஜத்தில் ஒலியைப் படிக்கும் தலை இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய நெம்புகோல். ஒவ்வொரு முடிச்சும் அதைத் தட்டிவிட்டுப் போகும். 'தகிட தகிட தகிட' என்று மூன்று மூன்றாகக் கேட்கும்படி இடைவெளி விட்டிருந்தேன். தாளம் பிசகினால் காதே சொல்லிவிடும்.

பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றை அழுத்தினால் ஏற்கெனவே அழுத்தியிருந்தது தானாக எழும்பும் அல்லவா? ஐந்து பொத்தானுக்கும் குறுக்கே ஒரே ஒரு நீளப் பட்டை இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு சாய்வு. அழுத்தும்போது சாய்வு பட்டையைப் பக்கவாட்டில் தள்ளும், பட்டை நகர்ந்ததும் மாட்டியிருந்த பழைய பொத்தான் விடுபடும், ரப்பர் பேண்ட் பட்டையைத் திரும்ப இழுக்கும், புதுப் பொத்தான் மாட்டிக்கொள்ளும். ஸ்டாப் பொத்தானில் சாய்வு உண்டு, மாட்டிக்கொள்ளும் பள்ளம் மட்டும் கிடையாது. இதை யோசித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கிறது.

வலது ரீலை முதலில் கைப்பிடியோடு நேராகக் கியரில் இணைத்தேன். ஒன்றுக்கு ஒன்று. முதல் சில சுற்று ரிப்பன் லேசாகத் தொய்ந்தது. அப்புறம் சரியாக வந்தது. 'தகிட தகிட' அழகாகக் கேட்டது. ஒரு மீட்டர் தாண்டியதும் கைப்பிடி கனக்க ஆரம்பித்தது. தாளம் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கியது. ரிப்பன் டயருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு விறைப்பாக இழுபட்டது. இன்னும் நாலு சுற்று சுற்றினேன், ரீல் அச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலி ரீலின் விட்டம் 2 செ.மீ. நாலு மீட்டர் ரிப்பனும் ஏறியபின் 4.4 செ.மீ. அதே 7 செ.மீ. ரிப்பனை வாங்கிக்கொள்ள ஆரம்பத்தில் நொடிக்கு ஒன்றுக்கும் மேல் சுற்ற வேண்டிய ரீல், கடைசியில் அரைச் சுற்று சுற்றினால் போதும். கியருக்கு இது தெரியாது. அது ஒரே வேகத்தில்தான் சுற்றும். வேகத்தைக் குறைத்து வைத்தால் ஆரம்பத்தில் ரிப்பன் தொய்ந்து விழும், கூட்டி வைத்தால் கடைசியில் பிடுங்கும். சரியான கியர் விகிதம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வேண்டியது வேறு. எப்போதும் சற்று வேகமாகவே சுற்றப் பார்க்க வேண்டும், நாடா தடுத்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். இழுக்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும்.

லெகோவில் வழுக்கும் கிளட்ச் வைத்த 24 பல் கியர் ஒன்று இருக்கிறது. அதன் உடம்பிலேயே எவ்வளவு திருகு விசையில் வழுக்கும் என்பது 2.5, 5 என்று நியூட்டன் சென்டிமீட்டர் கணக்கில் பொறித்திருக்கும். அதைப் போட்டேன். ஒரு சென்டிமீட்டர் ஆரத்தில் அது வழுக்க வேண்டும் என்றால் ரிப்பன் குறைந்தது கால் கிலோ எடை தொங்குவது போல இழுபட வேண்டும். டயரின் பிடி அவ்வளவு தாங்காது. பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பேண்டைப் போட்டேன். ஒரு நாள் வழுக்கியது, மறுநாள் வழுக்காமல் பிடித்துக்கொண்டது. பத்து நாள் இப்படிப் போயிற்று.

கடைசியில் ஒரே அச்சில் இரண்டு தட்டைச் சக்கரங்களை முகத்துக்கு முகம் வைத்து, ஒன்றைக் கியரோடும் ஒன்றை ரீலோடும் இணைத்து, பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங்கால் அழுத்தினேன். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினால் விட்டு விட்டுப் பிடிக்கிறது. நடுவில் மெத்தென்று ஏதாவது வேண்டும். கைவேலைக்கு வைத்திருந்த ஃபெல்ட் துணியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, உள்ளங்கையில் வைத்து ஓரத்தைச் சரி செய்துகொண்டிருந்தேன். துணி கறுப்பு நிறம்.

அந்த வளையத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் தன் முதல் சம்பளத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினான். எனக்கு அப்போது பதினோரு வயது. அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நாலு திருகைக் கழற்றி அதைத் திறந்தேன். பெல்ட்டைப் பார்த்தேன், பெரிய பித்தளைச் சக்கரத்தை விரலால் சுற்றினேன், ரீல் மாட்டும் முளைகளைக் கழற்றிப் பார்த்தேன். அவன் வருவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப வைத்து மூடினேன். மூடியபின் தரையில் ஒரு கறுப்பு வளையம் கிடந்தது. மெத்தென்று இருந்தது. எந்த இடத்திலும் அது குறைவதாகத் தெரியவில்லை. போட்டுப் பார்த்தேன், பாட்டு வந்தது. வளையத்தை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அது கேசட்டைச் சிக்கலாக்க ஆரம்பித்தது. மூடியைத் திறந்தால் நாடா கேப்ஸ்டனில் பந்து போலச் சுற்றியிருக்கும். அண்ணன் பொறுமையாக எடுத்து, மடிப்பை நகத்தால் நீவி, பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றி உள்ளே அனுப்புவான். கேசட் சரியில்லை என்றான். வேறு கேசட் போட்டான், அதுவும் போயிற்று. சில மாதம் கழித்து அவன் அதைத் தொடுவதையே விட்டுவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வளையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்துப் பயந்தேன், ஆனால் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. ஃபெல்ட்டின் கனம் போனதால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்திருக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சும்மா சறுக்கியிருக்கும். கேப்ஸ்டன் நாடாவை அனுப்பிக்கொண்டே இருந்தது, வாங்கிக்கொள்ள வேண்டிய ரீல் நின்றுகொண்டிருந்தது. வந்த நாடா போக இடமில்லாமல் கேப்ஸ்டனிலேயே சுற்றிக்கொண்டது.

ஃபெல்ட்டைப் போட்டுச் சுற்றினேன். நாலு மீட்டரும் ஒரே 'தகிட'வில் ஓடி முடிந்தது. பிளே பொத்தான் எழும்பியதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, உன் முதல் டேப் ரெக்கார்டர் ஞாபகம் இருக்கா?"

"நாடாவைத் தின்னுக்கிட்டே இருந்துச்சே, அதுதானே?"

"அதை நான்தான் திறந்தேன். ஒரு ஃபெல்ட் வளையத்தை வெளியில விட்டுட்டு மூடிட்டேன். உங்கிட்ட சொல்லல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்தப் பக்க ரீல்?"

"வலது பக்கம். சுத்தி வாங்கிக்குற ரீல்."

"அதான்!" என்றான். குரல் சட்டென்று இளசாகிவிட்டது. "ரீவைண்ட் மட்டும் ஒழுங்கா ஓடும். பிளே போட்டாத்தான் தின்னும். பெல்ட்ட மூணு தடவை மாத்தினேன், உருளையைத் துடைச்சேன், எதுக்கும் கேக்கல. ரீவைண்ட் எப்படி நல்லா ஓடுதுன்னு எனக்குப் புரியவே இல்ல."

"ரீவைண்டுக்கு இடது ரீல்தானே சுத்துது. அந்த வளையத்துக்கு அங்க வேலையே இல்ல அண்ணா."

"ஆமாமா." மறுபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ செஞ்சது ஓடுதா இப்ப?" என்று கேட்டான்.

"ஓடுது."

"வீடியோ கால்ல வா. கைப்பிடிய மெதுவா சுத்து. அந்த வலது ரீலைக் கிட்டத்துல காட்டு."

ஃபோனைப் புத்தகத்தில் சாய்த்து வைத்து, ரிப்பனை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, பிளே பொத்தானை அழுத்தினேன். ரீல் முதலில் விறுவிறுவென்று சுற்றியது. ரிப்பன் ஏற ஏற நிதானத்துக்கு வந்தது. தாளம் மாறவில்லை. அண்ணன் முழு நாலு மீட்டரும் முடியும் வரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தான். பொத்தான் எழும்பியதும், "இன்னொரு தடவை" என்றான்.